வரித்தழும்புக்கு என்ன சிகிச்சை உண்டு? பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிற்றிலும் தொடையிலும் கோடு கோடாகத் தெரியும் வரித்தழும்பை இன்று பலரும் ‘ஸ்ட்ரெட்ச் மார்க்’ என்றே சொல்கிறார்கள். “பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி வீட்டுப் பெரியவர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால், இளம் தாய்மார்களுக்கு அது மனத்தை உறுத்தும் விஷயமாக இருக்கிறது. அந்த உறுத்தலை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. புலனத்திலும் டிக்டாக்கிலும், பசார் மாலாம் கடைகளிலும், தோட்டத்து வீடுகளுக்கே வந்து விற்கும் முகவர்களிடமும் ‘இரண்டே வாரத்தில் மறையும்’ என்ற களிம்புகள் கிடைக்கின்றன.

மருத்துவம் சொல்வது இதுதான். வரித்தழும்பை முழுமையாக அழித்துப் பழைய தோலைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சை இன்றுவரை இல்லை. பார்வைக்கு மங்கச் செய்யும் சிகிச்சைகள் உண்டு. அவை எந்த அளவுக்குப் பலன் தரும் என்பது பெரும்பாலும் தழும்பின் வயதைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். அதைவிட முக்கியமாக, தழும்பைப் போக்கப் போய் தோலையும் உடல்நலத்தையும் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

தழும்பு எப்படி உண்டாகிறது?

தோலில் மேல்தோல், அதன் கீழே உள்தோல் என்ற அடுக்குகள் உள்ளன. தோலுக்கு வலுவைக் கொடுக்கும் கொலாஜன் இழைகளும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் எலாஸ்டின் இழைகளும் உள்தோலில்தான் இருக்கின்றன. உடல் குறுகிய காலத்தில் பருக்கும்போது இந்த இழைகள் ஈடுகொடுக்க முடியாமல் அறுந்து சிதைகின்றன. அந்த இடம் ஆறும்போது தங்கிவிடும் வடுவே வரித்தழும்பு. மேல்தோல் கிழிவதில்லை, அதனால் இரத்தமும் வருவதில்லை, புண்ணும் ஆவதில்லை. சேதம் உள்ளே இருக்கிறது. மேலே தடவும் எண்ணெய் அதைச் சரிசெய்யாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

தோல் இழுபடுவது மட்டும் காரணம் ஆகாது. கர்ப்ப காலத்திலும் பருவ வயதிலும் சுரக்கும் ஹார்மோன்கள் தோலின் இழைகளைத் தளர்த்துகின்றன. பரம்பரையும் சேர்கிறது. தாய்க்கோ அக்காளுக்கோ இருந்தால் மகளுக்கும் தங்கைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஒரே எடை கூடிய இரண்டு பெண்களில் ஒருத்திக்கு வயிறு முழுவதும் கோடு விழுவதும் மற்றவளுக்கு ஒன்றுமே இல்லாமல் போவதும் இதனால்தான். எண்ணெய் தடவவில்லை, பத்தியம் காக்கவில்லை என்று தாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

யாருக்கெல்லாம் வரும்?

கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஆறாம், ஏழாம் மாதத்திற்குப் பிறகு வயிறு, மார்பு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் தெரியத் தொடங்கும். இளம் வயதில் முதல் பிள்ளையைச் சுமப்பவர்கள், கர்ப்பத்திற்கு முன்பே எடை அதிகம் உள்ளவர்கள், பெரிய குழந்தையையோ இரட்டைப் பிள்ளைகளையோ சுமப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

இடைநிலைப்பள்ளி வயதில் விறுவிறுவென்று உயரும் பிள்ளைகளுக்கும் வரும். பெண் பிள்ளைகளுக்குத் தொடை, இடுப்பு, மார்பிலும், ஆண் பிள்ளைகளுக்கு முழங்காலின் மேற்பகுதியிலும் முதுகிலும் தெரியும். பையனின் கீழ் முதுகில் குறுக்காக விழும் சிவந்த கோடுகளைப் பார்த்து யாரோ பிரம்பால் அடித்துவிட்டார்கள் என்று பெற்றோர் பதறுவது உண்டு. வளர்ச்சியால் வரும் கோடுகள் தட்டையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கும். சில நாளில் மறையாது. உடற்பயிற்சிக் கூடத்தில் வேகமாகத் தசையை ஏற்றும் இளைஞர்களுக்குத் தோளிலும் அக்குள் ஓரத்திலும் விழும்.

இளங்கோடும் பழங்கோடும்

வரித்தழும்புக்கு இரண்டு பருவங்கள் உண்டு. தொடக்கத்தில் அது சிவப்பாகவோ ஊதாவாகவோ, சற்றே தடித்து, சில வேளைகளில் அரிப்போடு இருக்கும். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் இந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கரும்பழுப்பாகவோ கருஊதாவாகவோ தோன்றும். இந்தக் கட்டத்தில் அங்கே இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. ஆறும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சிகிச்சைக்கு ஓரளவு நன்றாக இணங்கும் பருவம் இதுதான்.

மாதங்கள் போகப் போக நிறம் வெளுத்து, கோடு மெலிந்து சுருங்கி, வெள்ளியைப் போல மினுக்கும். இது முதிர்ந்த தழும்பு. அங்கே இரத்தக் குழாய்களும் குறைவு, நிறமும் குறைவு. இதை மாற்றுவது கடினம்.

இன்னொரு உண்மையையும் களிம்பு விற்பவர்கள் சொல்வதில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலான கோடுகள் எதுவும் செய்யாமலே கணிசமாக மங்கிவிடும். பிரசவமான இரண்டாம் மாதத்தில் ஒரு களிம்பைத் தொடங்கி எட்டாம் மாதத்தில் ‘பலன் தெரிகிறது’ என்று சொல்பவர், தானாகவே நடந்ததைக் களிம்பின் கணக்கில் எழுதிவிடுகிறார். இணையத்தில் காட்டப்படும் ‘முன்–பின்’ படங்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

எண்ணெய், கோக்கோ வெண்ணெய், எலுமிச்சை

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய், கோக்கோ வெண்ணெய் ஆகியவை காலங்காலமாகக் கர்ப்பிணிகளின் வயிற்றில் தடவப்படுகின்றன. தோல் வறட்சியையும் அரிப்பையும் இவை தணிக்கும். அந்த வகையில் நல்லவைதான். தழும்பு வராமல் தடுக்குமா என்பது வேறு கேள்வி.

கோக்கோ வெண்ணெயை லெபனானிலும் ஜமைக்காவிலும் கர்ப்பிணிகளிடம் முறைப்படி சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கோக்கோ வெண்ணெய் கலந்த களிம்பும், மற்றொரு பிரிவினருக்கு அது கலக்காத களிம்பும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தழும்பு வந்தது. ஈரானில் ஆலிவ் எண்ணெயை வைத்து நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. 2012-இல் கோக்ரேன் அமைப்பு 800 பெண்கள் பங்கேற்ற 6 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கர்ப்ப காலத் தழும்பைத் தடுக்க எந்தப் பூச்சும் உதவும் என்பதற்குத் தரமான சான்று இல்லை என்று அறிவித்தது. அதனால் 10 வெள்ளி தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு 150 வெள்ளி எண்ணெயை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பெகாகா என்று மலாய்க்காரர்களும் வல்லாரை என்று தமிழர்களும் சொல்லும் கீரையின் சாரம் பல தழும்புக் களிம்புகளில் சேர்க்கப்படுகிறது. அந்தச் சாரம் கொலாஜன் உருவாக உதவக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், அவை சிறிய ஆய்வுகள். கீரையை அரைத்துப் பூசுவது அந்தச் சாரத்திற்கு ஈடாகாது.

தவிர்க்க வேண்டியது எலுமிச்சை. தழும்பை வெளுக்க வைக்கும் என்று எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால், அந்தச் சாற்றிலுள்ள பொருள் வெயிலோடு வினைபுரிந்து தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் வந்து, ஆறிய பிறகு பல மாதங்களுக்குக் கருந்திட்டு நிற்கும். வயிற்றை இறுக்கும் பெங்குங் துணிக்கட்டு இடுப்புக்குத் தாங்கலாக இருக்கலாம். அது கோட்டை அழிப்பதில்லை.

மருத்துவர் எழுதித் தரும் களிம்பு

ஆய்வில் ஓரளவு தேறிய களிம்பு, வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த டிரெட்டினோயின். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் சிவப்புத் தழும்பு உள்ள 22 பேரில் 10 பேருக்கு 0.1 விழுக்காட்டு டிரெட்டினோயின் களிம்பும் 12 பேருக்கு மருந்தில்லாக் களிம்பும் கொடுக்கப்பட்டன. ஆறு மாத முடிவில் மருந்து பூசிய 10 பேரில் 8 பேருக்குத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. மற்ற 12 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி இருந்தது. ஆனால், முன்னேற்றம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். தழும்பின் நீளம் சராசரியாக 14 விழுக்காடும் அகலம் 8 விழுக்காடும்தான் குறைந்தன. கோடு மறையவில்லை, சிறிதானது. முதிர்ந்த வெள்ளைத் தழும்புக்கு இந்த அளவு பலன்கூட எதிர்பார்க்க முடியாது.

டிரெட்டினோயின் தோலைச் சிவக்க வைக்கும், உரிக்கும், எரிச்சல் தரும். வெயிலில் தோல் எளிதில் கறுக்கும். கர்ப்பிணிகளும் கர்ப்பமாகத் திட்டமிடுவோரும் இதைப் பயன்படுத்தக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மலேசியாவில் இது மருத்துவரின் சீட்டோடு கிடைக்க வேண்டிய மருந்து. சீட்டில்லாமல் இணையத்தில் விற்கப்படுவதை வாங்குவது சட்டத்திற்கும் புறம்பு, உடலுக்கும் ஆபத்து.

ஹையலூரோனிக் அமிலம் கலந்த களிம்புகள் தோலில் ஈரத்தைத் தக்கவைத்து, இளங்கோடுகளைச் சற்று மங்கலாக்கலாம். எந்தக் களிம்பானாலும் தொடக்கத்திலேயே, நாள்தோறும், பல வாரம் மெதுவாகத் தேய்த்துப் பூசினால்தான் ஏதாவது பலன் தெரியும். பூசுவதோடு சேர்ந்து நடக்கும் அந்த மெதுவான பிடித்துவிடலுக்கும் பலனில் பங்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

லேசரும் நுண்ணூசியும்

களிம்பைவிடக் கூடுதல் பலன் தருபவை கருவி கொண்டு செய்யும் சிகிச்சைகள். செலவும் கூடுதல். அரசாங்க மருத்துவமனைகள் அழகுக்காக மட்டும் இவற்றைச் செய்வதில்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு தடவைக்குச் சில நூறு வெள்ளி முதல் ஆயிரத்தைத் தாண்டியும் ஆகலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு தடவை செய்ய வேண்டியிருக்கும். மருத்துவ அட்டைக் காப்புறுதி பொதுவாக அழகுச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பதில்லை.

பல்ஸ்டு டை லேசர் என்பது இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் ஒளி. கோடு சிவப்பாக இருக்கும்போது அந்தச் சிவப்பைக் குறைக்கும். கோடு வெளுத்துவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

ஃபிராக்‌ஷனல் லேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புள்ளிகளாகச் சூட்டைச் செலுத்துகிறது. இடையிலுள்ள தோல் தொடப்படாமல் இருப்பதால் காயம் விரைவில் ஆறும். ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகும். இளங்கோடு, பழங்கோடு இரண்டிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மேல்தோலைச் சுரண்டாத வகையும், கார்பன் டை ஆக்சைடு லேசரைப் போல மேல்தோலைச் சிறு புள்ளிகளாக எரிக்கும் வகையும் இதில் உண்டு. இரண்டாவது வகையில் வலியும் காயமும் அதிகம்.

மைக்ரோநீட்லிங் எனப்படும் நுண்ணூசி முறையில், மிக மெல்லிய ஊசிகள் தோலில் ஆயிரக்கணக்கான துளைகளை இடுகின்றன. உடல் அதை ஆற்ற முயலும்போது கொலாஜன் கூடுகிறது. இதில் ஒளியோ சூடோ இல்லாததால் நிறம் மாறும் அபாயம் லேசரைவிடக் குறைவு. சில மருத்துவமனைகள் ஊசியின் முனையில் ரேடியோ அலைச் சூட்டையும் சேர்த்துச் செய்கின்றன. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பி.ஆர்.பி. என்ற திரவத்தை இதோடு பூசுவதும் ஊசியாகப் போடுவதும் உண்டு. இணையத்தில் விற்கும் ஊசி உருளையை வீட்டில் தானே உருட்டிப் பார்ப்பது கிருமித்தொற்றுக்கும் கருந்திட்டுக்கும் வழி.

வெளுத்த கோட்டில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர எக்சிமர் என்ற புறஊதா ஒளிச் சிகிச்சை இருக்கிறது. கோட்டின் நிறம் சுற்றியுள்ள தோலோடு ஒட்டிவரும். ஆனால் அது நிலைப்பதில்லை. அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். கோட்டின் பள்ளமும் சுருக்கமும் அப்படியே இருக்கும்.

வயிற்றின் தொங்கு தோலை வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சையில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலோடு அங்கிருந்த கோடுகளும் போய்விடும். மேலே உள்ளவை போகாது. அடிவயிற்றில் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீண்ட தையல் தழும்பு நிற்கும். மயக்க மருந்து, இரத்தக் கட்டு, தொற்று ஆகிய அபாயங்களும் உண்டு. தழும்புக்காக மட்டும் செய்துகொள்ளும் அறுவை அல்ல இது. இன்னும் பிள்ளை பெற எண்ணுபவர்கள் தள்ளிப்போடுவதே நல்லது.

மாநிறத் தோலுக்குத் தனிக் கவனம்

லேசர் ஆய்வுகளில் பெரும்பகுதி வெள்ளைத் தோலினரிடம் நடந்தவை. இந்தியர்களின் தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதல். லேசரின் ஒளியை அந்த நிறமியும் ஈர்த்துக்கொள்கிறது. சூடு தேவையற்ற இடத்தில் இறங்கி, கோடு இருந்த இடம் கருந்திட்டாக மாறலாம். அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நிற்கும். வெள்ளிக் கோட்டைப் போக்கப் போய்க் கறுப்புக் கோட்டை வாங்கி வந்த கதையாகிவிடும்.

அதனால் மாநிறத் தோலில் பழகிய மருத்துவர், குறைந்த வலுவில் தொடங்கி, ஆடைக்குள் மறையும் ஒரு சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பார். சில வாரங்கள் பொறுத்து, நிறம் மாறவில்லை என்று தெரிந்த பிறகே முழுப் பகுதியையும் தொடுவார். காது குத்திய இடத்திலோ காயம் பட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளரும் ‘கெலாய்டு’ உடம்புக்காரர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் அழகுச் சிகிச்சை செய்யும் பொது மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்ற சான்று இருக்க வேண்டும். லேசர், ஊசி போன்றவற்றை அழகு நிலையத்துப் பணியாளர் செய்யக் கூடாது. மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் அகப்பக்கத்திலும், தோல் நிபுணரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம். சான்றைக் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

களிம்புப் புட்டியில் பார்க்க வேண்டியது

என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமை, நச்சுப் பொருள் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அவற்றின் அறிவிக்கையை ரத்து செய்கிறது. அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வருபவை பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பெட்டாமெத்தசோன். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கர்ப்பிணி பூசினால் வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்கும். பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு மருந்து.

முறையான அழகுப் பொருளுக்கு ஆங்கிலத்தில் என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கி கே என்ற எழுத்தில் முடியும் அறிவிக்கை எண் இருக்கும். அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ என்.பி.ஆர்.ஏ. அகப்பக்கத்தில் உள்ள குவெஸ்ட் 3+ தேடலில் இட்டுப் பார்க்கலாம். எண் இருப்பதால் மட்டும் சுகாதார அமைச்சு அதைச் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘கே.கே.எம். லுலுஸ்’ என்று விளம்பரம் செய்வதை அப்படியே நம்பக் கூடாது. எண்ணே இல்லாத பொருளை வாங்கவே கூடாது.

அறிவிக்கை செய்யாத அழகுப் பொருளை விற்பது 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி குற்றம். தனிநபருக்கு முதல் குற்றத்திற்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நம்மவர்கள் சிலர் பகுதிநேர வருமானத்திற்காக இத்தகைய களிம்புகளை வாங்கி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் விற்கிறார்கள். அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகமான பொருளைப் பற்றிச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

தழும்பை உண்டாக்கும் களிம்பும் மாத்திரையும்

வரித்தழும்பைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத பகுதி இது. ஸ்டீராய்டு மருந்து தோலின் இழைகளை மெலிய வைக்கும். அதனால், தழும்பைப் போக்கும் என்று வாங்கும் கள்ளக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே புதிய தழும்பை உண்டாக்கும். தொடக்கத்தில் அரிப்பும் சிவப்பும் சட்டென்று அடங்கும். ‘நல்ல மருந்து’ என்று பெயர் வாங்கிவிடும். மாதங்கள் கழித்துத் தோல் காகிதம்போல் மெலிந்து, அகலமான கோடுகள் விழும்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வியர்வையோடு உழைப்பவர்களுக்குத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் படர்தாமரை வருவது சாதாரணம். இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் களிம்புக் குழாய்களில் பூஞ்சை மருந்தோடு கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருப்பது உண்டு. கிளோபெட்டாசோல், பெட்டாமெத்தசோன் என்று குழாயில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. இடுக்கான இடத்தில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். சில வாரம் தொடர்ந்து பூசினாலே தொடை இடுக்கில் ஆழமான வரிகள் விழலாம். அவை திரும்பப் போவதில்லை. படர்தாமரையும் அடங்கியதுபோல் இருந்து மேலும் பரவும்.

மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் பதிவில்லாமல் விற்கப்படும் மாத்திரைகள், ஜாமு பொட்டலங்கள், மாஜுன் உருண்டைகள் ஆகியவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். இவற்றைத் தொடர்ந்து சாப்பிடுபவருக்கு முகம் வட்டமாக உப்பும். வயிறு பெருத்துக் கையும் காலும் மெலியும். தோல் லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். வயிற்றில் விரல் அகலத்திற்குக் கருஊதா நிறத்தில் வரிகள் விழும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். பிள்ளை பெறாத பெண்ணுக்கோ நடுவயது ஆணுக்கோ இப்படிப்பட்ட வரிகள் திடீரென்று தோன்றினால், தழும்புக் களிம்பைத் தேடாமல் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போக வேண்டும். சாப்பிட்ட மாத்திரையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆனால், பயந்துபோய் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. நெடுநாள் ஸ்டீராய்டு உள்ளே போனால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே நாளில் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருத்துவர் முறையாக எழுதித் தந்த ஸ்டீராய்டைச் சாப்பிடுபவர்களும் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

கர்ப்பிணிக்கு அரிப்பு வந்தால்

கோடு விழும்போது லேசான அரிப்பு இருப்பது இயல்பு. எண்ணெயோ வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்போ போதும். கடைசி மாதங்களில் வயிற்றுக் கோடுகளின் மீதே தடிப்பு தடிப்பாகக் கிளம்பி, தொப்புளை மட்டும் விட்டுவிட்டுத் தொடைவரை பரவும் ஒரு வகை அரிப்பும் உண்டு. தொல்லை அதிகம் என்றாலும் சிசுவுக்கு அதனால் கேடில்லை; பிரசவத்திற்குப் பிறகு தானே அடங்கும். மருத்துவர் அதற்கு மருந்து தருவார்.

தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்து, இரவில் தூங்கவிடாமல் செய்தால் அது வேறு. கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாக முடியலாம். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே கிளினிக்கிற்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தழும்புக்குப் பயந்து கர்ப்பிணிகள் சாப்பாட்டைக் குறைப்பதும் தவறு. கர்ப்பத்திற்கு முன் எடை சரியாக இருந்தவர்களுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது ஆரோக்கியமான அளவு. ஏற்கெனவே எடை அதிகமுள்ளவர்களுக்கு இந்த அளவு குறைவு. ஒவ்வொரு வருகையிலும் தாதியர் எடையைப் பார்த்துக் கர்ப்பப் புத்தகத்தில் எழுதுவது இதற்காகத்தான். எடை சீராக ஏறினால் தோலுக்கும் நல்லது, இனிப்பு நீர் வரும் அபாயமும் குறையும்.

என்ன செய்யலாம்?

கர்ப்பமாக இருப்பவர்கள் கையில் உள்ள எண்ணெயை மெதுவாகத் தேய்த்துக்கொண்டால் போதும். டிரெட்டினோயின், ‘வெளுக்கும் கிரீம்’, லேசர் எதுவும் வேண்டாம்.

பிள்ளை பெற்று ஓராண்டு ஆகாதவர்கள், கோடு இன்னும் சிவப்பாகவோ கருஊதாவாகவோ இருந்தால், செலவு செய்ய விருப்பமும் வசதியும் இருக்குமானால், இந்தக் காலத்திலேயே தோல் மருத்துவரைக் கேட்கலாம். விருப்பமில்லை என்றால் காத்திருப்பதால் உடலுக்கு எந்தக் கேடும் இல்லை. கோடு தானே மங்கும். பல ஆண்டான வெள்ளைக் கோடு உள்ளவர்கள் களிம்புக்குச் செலவு செய்வதில் பயனில்லை. நுண்ணூசியோ ஃபிராக்‌ஷனல் லேசரோ ஓரளவு மங்கச் செய்யும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் போக வேண்டும். ஒரு நாள் விசேஷத்திற்குச் சேலை கட்டும்போது இடுப்பு தெரிகிறதே என்பதுதான் கவலை என்றால், தோல் நிறத்தில் பூசும் ஒப்பனைக் களிம்பு அன்றைக்குப் போதும்.

மருத்துவரிடம் முன்பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். என் கோடு எந்தப் பருவத்தில் இருக்கிறது? எத்தனை தடவை செய்ய வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு? என் நிறத் தோலில் இதைச் செய்து காட்டிய படங்கள் உண்டா? சோதனை இடம் பார்ப்பீர்களா? கருந்திட்டு வந்தால் யார் பொறுப்பு? பத்துத் தடவைக்கான பொட்டலத்தை இன்றே வாங்கினால் கழிவு என்று அவசரப்படுத்துபவரிடம் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து யோசிப்பது நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்வது பெற்றோரின் வேலை. உடம்பு வளரும்போது விழும் கோடு அது. வகுப்பில் பலருக்கும் இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடும் என்று தாயோ தந்தையோ சொன்னால், கைச்செலவுக் காசைச் சேர்த்து இணையத்தில் களிம்பு வாங்கும் எண்ணம் பிள்ளைக்கு வராது. கோட்டை மறைப்பதற்காக நீச்சல், விளையாட்டு என்று எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கும் பிள்ளையையும், பிரசவத்திற்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்து அழும் தாயையும் தனியே விடக் கூடாது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். களிம்பு தேவையா, நிபுணரிடம் போக வேண்டுமா, சும்மா விட்டாலே போதுமா என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.